தும்ம மறந்த மெஷின்

"ஏறட்டுங்களா மேடம்?"

சவரிமுத்து அண்ணன் டவரின் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி கேட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் பெல்ட், தோளில் கொக்கிக் கயிறுகள், ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடி ஒரு பாலிதீன் பை. வலது கையால் டவரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதே கையால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எப்போதும் இரண்டையும் செய்வார், ஒன்றை விட்டு ஒன்று கிடையாது.

நான் சரி என்று சொன்னால்தான் அவர் ஏறலாம். ஈர இரும்பில் ஏறக் கூடாது என்று அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒட்டியவளே நான்தான். இருந்தும், "ஏறுங்க" என்றேன்.

நூறு மீட்டர் டவர் அது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைவிட உயரம். "மேல நின்னு பார்த்தா கோபுரம் நமக்குக் கீழ தெரியும் மேடம்" என்று முன்பொரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, பெருமாள் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று நாக்கையும் கடித்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவரை அதன்மேல் ஏறச் சொல்லும் நிலைமை எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால், ஒரு குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் காற்று

நான் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சமயபுரம் போகிற வழியில், ஒரு பண்பலை ஒலிபரப்பு நிலையத்தில் இன்ஜினியராக இருந்தவள். பாட்டுப் போடுகிறவர்களும் பேசுகிறவர்களும் வேறு கட்டடத்தில், ஊருக்குள் இருந்தார்கள். அவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். அவர்கள் அனுப்புவதை டவர் உச்சிக்கு ஏற்றி விடுவது எங்கள் வேலை. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து உச்சியில் இருக்கும் ஆண்டெனா வரைக்கும் ஃபீடர் என்று ஒரு கேபிள் போகும். கேபிள் என்று பெயரே தவிர, அது குழாய்தான். கை மொத்தத்துக்கு ஒரு செப்புக் குழாய், அதற்குள் இன்னொரு சின்ன செப்புக் குழாய். இரண்டுக்கும் நடுவே இருப்பது காற்று. அந்தக் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தால் மேலே போக வேண்டிய பவரில் ஒரு பங்கு போகாமல் திரும்பி வரும். இன்னும் சேர்ந்தால் உள்ளே பொறி தட்டும். ஒரே ஒரு தடவை பலமாகத் தட்டினாலும் செம்பு கருகிவிடும். பிறகு கேபிளையே மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் நிலையம் ஊமையாகக் கிடக்கும்.

இதைத் தடுக்கத்தான் டிரை ஏர் மெஷின். அறைக் காற்றை உறிஞ்சி, ஈரத்தைப் பிரித்துவிட்டு, காய்ந்த காற்றை ஃபீடருக்குள் அழுத்தி நிரப்பி வைத்திருக்கும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் எங்காவது ஊசி முனையளவு துளை இருந்தாலும் காற்று வெளியே போகுமே தவிர, வெளி ஈரம் உள்ளே வராது.

அப்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று ஒரு நாள் விவரமாகக் கேட்டார். இதையெல்லாம் விவரமாகவே சொன்னேன்.

"ஏம்மா, ரெண்டு ஆத்துக்கும் நடுவுல உக்காந்துண்டிருக்கோம். காத்துக்கா பஞ்சம்? அதை அடைக்க ஒரு மெஷினா?"

"காத்துக்குப் பஞ்சமில்லை மாமா. காஞ்ச காத்துக்குத்தான் பஞ்சம்."

"வாஸ்தவம். மொட்டை மாடியில போட்ட வேஷ்டி முந்தாநாள்லேர்ந்து காயலே. உன் மெஷின்லேர்ந்து ஒரு குழாய் இங்கேயும் இழுத்து விட்டுடேன்."

அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க, என்னை வாசலில் பார்க்கும்போதெல்லாம் குழாய் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தும்மல்

எங்கள் மெஷின் பாதி ஃபிரிட்ஜ் உயரம் இருக்கும். அதற்குள் இரண்டு உருளைகள், இரண்டிலும் ஈரத்தை உறிஞ்சும் வெள்ளை மணிகள். ஒரு உருளை காற்றைக் காய வைத்துக்கொண்டிருக்கும்போது மற்றது தான் குடித்த ஈரத்தை வெளியே துப்பிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை இரண்டும் முறை மாற்றிக்கொள்ளும். அப்போது "டக்" என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து "புஸ்ஸ்" என்று ஒன்று. நாங்கள் அதைத் தும்மல் என்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த வாரமே அது அவர்கள் காதில் விழாது.

காதில் விழாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரான்ஸ்மிட்டரைக் குளிர்விக்கும் ஃபேன்களின் இரைச்சல். அந்த அறையில் நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வீட்டுக்குப் போயும் கத்திப் பேசித் திட்டு வாங்குவோம்.

ஈரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டுவதற்கு மெஷினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. அது பல வருடங்களுக்கு முன்பே வெளுத்து, எந்த நிறமும் இல்லாமல் ஆகிவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தோம், வரவில்லை. பக்கத்தில் இருக்கும் அழுத்த முள்ளை மட்டும் பார்ப்போம். முள் நடுவில் நின்றால் நிம்மதி.

பொரியும் சந்தனமும்

ஆயுத பூஜை எங்கள் நிலையத்தில் பெரிய விசேஷம். யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு அன்றைக்கு மட்டும் ஊருக்குள்ளிருந்து எல்லோரும் வருவார்கள். பொரி, கடலை, அவல், சுண்டல். வாழைக்கன்று கட்டி, எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எல்லாவற்றுக்கும் என்றால் எல்லாவற்றுக்கும்தான். டிரான்ஸ்மிட்டர், ஜெனரேட்டர், தீயணைப்பான், போர் மோட்டார், கம்ப்யூட்டர் மவுஸ். ஒரு வருடம் யாரோ பக்தி மிகுந்து கேட் கேமரா கண்ணாடியிலேயே பொட்டு வைத்துவிட, மறுநாள் முழுக்க வாட்ச்மேன் திரையில் சிவப்பைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

வழக்கமாகப் பொட்டு வைப்பவர் எங்கள் டெக்னீசியன் பழனிவேல். எதில் வைக்கலாம், எதில் கூடாது என்று அவருக்குப் பழக்கம். அந்த வருடம் அவர் சொந்த ஊரான வையம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

சவரிமுத்து அண்ணன் பொரி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். அவர் எங்கள் ஊழியர் இல்லை. அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், டவர் வேலை வந்தால் கூப்பிடுவோம். பூஜைக்கு முந்தைய வாரம்தான், மழை தொடங்குமுன் உச்சியில் ஃபீடரும் ஆண்டெனாவும் சேரும் ஜாயிண்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றிக் கொடுத்திருந்தார்.

"நான் வெக்கட்டுங்களா மேடம்?" என்று சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தாராளமா வெய்யுங்கண்ணே."

செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு வந்தார். ஒவ்வொரு மெஷினாகப் போய், முன்னும் பின்னும் பார்த்து, தலை போல எது நீட்டிக்கொண்டிருந்ததோ அதில் கட்டைவிரலால் சந்தனத்தை வைத்து அழுத்தி, அதன்மேல் குங்குமம் வைத்தார். எங்கள் ஆட்கள் அவசரத்துக்கு இழுவிவிட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவர் வைத்தது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சாம்பிராணிப் புகையில் நின்று எல்லோரோடும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்த பவர்

பூஜை முடிந்து சில நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கும் சில நாட்கள் கழித்து, மேலே போகும் பவரில் கொஞ்சம் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு நாளுக்கு நாள் கூடியது. பவரைக் குறைத்து ஓட்டினோம். ஃபீடருக்குள் ஈரம் என்பதில் சந்தேகமில்லை. எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

சென்னையில் இருந்த மேலதிகாரிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

"மெஷின் ஓடுது, பிரஷர் இருக்கு. அப்போ கீழ பிரச்னை இல்லை. மேல அந்த ஆளு போட்ட ஜாயிண்ட்ல மழை இறங்குது."

"ஜாயிண்ட் லீக்கா இருந்தா பிரஷர் இறங்கணுமே சார்."

"சின்ன லீக்கா இருக்கும், மெஷின் ஈடு கட்டிக்கும். அவன் ஏறிப் பார்க்கட்டும். வாஷரைச் சரியாப் போடலைன்னா இனிமே அவன் நமக்கு வேண்டாம். மத்த ஸ்டேஷனுக்கும் நானே சொல்லிடறேன்."

அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வேறு காரணம் சொல்லவும் என்னிடம் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, மேலதிகாரி சொன்னதை மறைக்காமல் சொன்னேன். மழை விடட்டும், அவசரமில்லை என்றும் சொன்னேன்.

"மழை எப்ப விடும்னு யாருக்குங்க தெரியும்? அதுக்குள்ள கேபிள் எரிஞ்சுதுன்னா என் தலையிலதான் விழும். டவர் வேலையில பேரு ஒண்ணுதாங்க இருக்கு. அது போச்சுன்னா எவனும் கூப்பிட மாட்டான். நான் அந்த ஜாயிண்டை நல்லாத்தான் போட்டேன். ஏறித் திறந்து காட்டிடறேன்."

"ஈரத்துல எப்படிண்ணே ஏறுவீங்க?"

"பெரிய மழைன்னா வேணாம். தூறல்னா ஏறிடலாம்."

மறுநாள் காலையில் தூறல்தான் போட்டது. அப்படித்தான் நான் டவர் அடியில் நின்று "ஏறுங்க" என்று சொன்னேன்.

ஃபேன் நின்ற அறை

டவரில் ஆள் ஏறும்போது டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட வேண்டும். அதன் சாவியை ஏறுகிறவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அவர் இறங்கி வந்து கொடுக்காமல் கீழே இருக்கும் யாராலும் அதை ஓட்ட முடியாது. பழனிவேல் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, டவர் அடியில் அண்ணாந்து நின்றார்.

"நான் ஜாயிண்டைத் தொடுற நேரத்துல பிரஷர் முள் ஆடுதான்னு உள்ள நின்னு பார்த்துக்கங்க மேடம்" என்று சவரிமுத்து அண்ணன் கேட்டிருந்தார். அதனால் நான் அறைக்குள் போனேன்.

அறை அமைதியாக இருந்தது. ஃபேன் எதுவும் ஓடவில்லை. அந்த அறையை அப்படி நான் கேட்டு வெகு நாளாகிவிட்டது. தகரக் கூரையில் தூறல் விழுவதும், டிரை ஏர் மெஷின் ஓடுவதும்தான் கேட்டது. முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் அசையாமல் நின்றது.

"டக்" என்றது மெஷின்.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் போல என்று நினைத்தேன். அடுத்த முறை மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டக்." தும்மல் வரவில்லை.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஈரம் வெளியேறுவதற்கு அங்கே கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாகத் துளைகள். அதைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், கெட்டியாகக் காய்ந்த சந்தனமும் நடுவில் வட்டமாகக் குங்குமமும் இருந்தன.

ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. உருளைகள் குடித்த ஈரத்தைத் துப்ப வழியில்லாமல், அதே ஈரத்தை மெஷின் இத்தனை நாளாக ஃபீடருக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்தம் சரியாக, முள் நடுவில் நிற்க, ஈரக் காற்றை நாங்களே நிரப்பியிருக்கிறோம். ஜாயிண்டில் ஒன்றுமில்லை. அந்த மனிதர் ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்.

வெளியே ஓடினேன். அவர் பாதி டவரைத் தாண்டியிருந்தார். தூறல் வலுத்திருந்தது. மேலே இருப்பவருக்குக் காற்றில் நம் குரல் கேட்காது. ஸ்பேனரை எடுத்து டவர் காலில் ஓங்கித் தட்டினால், பிடித்திருக்கும் கையில் அந்த அதிர்வு தெரியும். இறங்கு என்று அர்த்தம். பழனிவேல் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கித் தட்டினேன். மேலே அண்ணன் நின்றார். கீழே பார்த்தார். மறுபடியும் தட்டினேன்.

இறங்கத் தொடங்கினார். ஏறியதைவிட இறங்கியது மெதுவாக நடந்தது. ஓர் இடத்தில் அவர் கால் வழுக்கி, கொக்கியில் ஒரு நொடி தொங்கி, மறுபடியும் படியைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் போல எனக்கு வேறு எந்த நேரமும் இழுத்ததில்லை.

யார் வைத்தது

பழனிவேல் அந்தக் குமிழைக் கழற்றினார். அது கையோடு வந்ததும் உள்ளேயிருந்து தண்ணீரே கொட்டியது. அடுத்த "டக்" வந்தபோது மெஷின் தும்மிய தும்மலில் சுவரெல்லாம் தெறித்தது. அறை முழுக்கச் சந்தன வாசனை.

சவரிமுத்து அண்ணன் ஈரத்தோடு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டு, மேஜையில் வைத்து, எல்லோரும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன்.

"சந்தனமா?" என்றார். "யாரு வெச்சது?"

பூஜையன்று எல்லோரும்தான் வைத்தோம், யார் என்று ஞாபகமில்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லவும் கூசியிருக்க மாட்டேன்.

சவரிமுத்து அண்ணன் உள்ளே வந்து, மேஜைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நான்தான் சார் வெச்சேன். சவரிமுத்து."

அவர் ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் மேஜைமேல் சொட்டியது.

"அங்க ஓட்டை இருக்கறது எனக்குத் தெரியாதுங்க சார். தலை மாதிரி இருந்துச்சு, வெச்சேன்."

பிறகு மேலதிகாரி வேறு குரலில் கேட்டார். "அப்போ அந்த ஜாயிண்ட்?"

"அது நல்லா இருக்குங்க சார். அதையும் நான்தான் போட்டேன்."

"சரி. இன்னிக்கு யாரும் ஏற வேண்டாம்" என்று சொல்லி, மேலதிகாரி போனை வைத்துவிட்டார்.

ஃபீடரைத் திறந்து விட்டு, காய்ந்த காற்றை நிரப்பி, மறுபடியும் திறந்து விட்டு, மறுபடியும் நிரப்பி, அந்த வாரம் முழுக்க அதே வேலையாக இருந்தோம். திரும்பி வந்த பவர் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கே போயிற்று. வெயில் காலத்தில் சவரிமுத்து அண்ணனே ஏறி அந்த ஜாயிண்டைத் திறந்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். உள்ளே செம்பு பளபளவென்று இருந்தது. டவர் வேலைக்கு அப்புறமும் அவரைத்தான் கூப்பிட்டோம். இதெல்லாம் பிறகு.

அன்று மதியம் மழை விட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கேட்டைப் பார்த்து நடந்தார். வழக்கமாக மரத்தடியில் நிற்கும் அவருடைய பைக்கைக் காணோம்.

"வண்டி என்னண்ணே ஆச்சு? ரிப்பேரா?"

"இல்லைங்க. பஸ்ல வந்தேன்."

"மழைக்கு பயந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா வண்டி இங்க நின்னுடும்ங்க. எம் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாது. யாரு வந்து எடுத்துட்டுப் போவா? அதான் வீட்டுலயே விட்டுட்டு வந்தேன்."

அவர் சொன்ன விதத்தில் ஒன்றுமே இல்லை, பஸ்ஸில் கூட்டம் என்று சொல்வது போலத்தான் சொன்னார். நான் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்து, பின்னால் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

அரியமங்கலத்தில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சுவரோரம் பைக் நின்றது. தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காதபடி நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"வேலை முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பைக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சுகள் மழையில் நனைந்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றையும் அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று.